ஏரியைக் கொல்லும் உரமும் நுண்ணுயிர் காட்டும் வழியும்

(கள்ளிக்குப்பத்தில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



வடக்கே புழல் ஏரி, கிழக்கே கொரட்டூர் ஏரி, மேற்கே அம்பத்தூர் ஏரி என மூன்று ஏரிகளின் நடுவே அமைந்தது கள்ளிக்குப்பம். ஏரி வெட்டி, கரை கட்டி, மதகு வைத்து, கலங்கல் அமைத்து, ஓர் ஏரியின் மிகைநீரை அடுத்த ஏரிக்கு அனுப்பிய முன்னோரின் நீரறிவுக்கு இப் பகுதி வாழுஞ் சான்று. அம் முன்னோர் அமைத்த வழியே இன்று வருவது மழைநீர் மட்டுமன்று, சாக்கடையும் வருகின்றது. கொரட்டூர் ஏரியிற் கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது. ஊர் மக்கள் ஏரிக்காக வழக்காட வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஏரி நாறுகின்றது, ஏரி பச்சையாய்க் கிடக்கின்றது, ஏரியை வெங்காயத்தாமரை மூடிவிட்டது என்று பலரும் சொல்வர். ஆண்டுதோறும் பொறிகளைக் கொண்டு அக் கொடியை வாரிக் கரையிற் குவிப்பர். அடுத்த ஆண்டும் அது முளைக்கும். அடுத்த ஆண்டும் வாருவர். நோயை விட்டுவிட்டு, நோயின் அடையாளத்தை மட்டும் துடைப்பது மருத்துவம் ஆகாது. அக் கொடி ஏன் அவ்வளவு செழிக்கின்றது? யார் அதற்கு எருவிட்டனர்? இவ் வினாவிற்கு விடை காண்பதே இப் பொழிவின் நோக்கம்.

எருவிட்டவர் வேறெவருமல்லர், இந் நகர மக்களே! மாந்தன் ஒருவன் உண்ணும் உணவிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் பெரும்பாலும் அவன் உடம்பில் தங்குவதில்லை. சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறி விடுகின்றன. ஒருவரிடமிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் தழைச்சத்தும், 1.5 கிராம் மணிச்சத்தும் கழிவுநீரிற் சேர்கின்றன எனக் கொள்ளலாம். ஒருவர்க்குச் சிறிதாகத் தோன்றும் இவ்வளவு, ஊருக்குப் பெரிதாகும். 1,00,000 மக்கள் வாழும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் 1,000 கிலோ தழைச்சத்து சாக்கடையில் ஓடுகின்றது. யூரியா உரத்தில் தழைச்சத்து 46 விழுக்காடு. அப்படியானால், 45 கிலோ மூட்டை கணக்கில், நாளொன்றுக்கு 48 மூட்டை யூரியாவை ஏரியிலும் ஆற்றிலும் அவிழ்த்துக் கொட்டுவதற்கு இஃது ஒப்பாகும். எந்த உழவன் தன் வயலுக்கு நாள்தோறும் 48 மூட்டை இடுவான்?

மணிச்சத்தின் கேடு இதனினுங் கொடியது. 1 கிராம் மணிச்சத்து நீரிற் கரைந்தால், ஏறத்தாழ 100 கிராம் உலர் எடையுள்ள பாசி வளர்வதற்கு அது போதும். முன்சொன்ன 1,00,000 மக்களின் மணிச்சத்து நாளொன்றுக்கு 150 கிலோ. அதனால் வளரத்தக்க பாசி 15 டன்! அப் பாசி பகலில் நீரைப் பச்சையாக்கும். இரவில் நீரிலுள்ள உயிர்வளியைத் தானே உண்ணும். இறந்தபின் அழுகி, எஞ்சிய உயிர்வளியையும் தீர்க்கும். விடியலில் மீன்கள் செத்து மிதப்பதன் உண்மைக் காரணங்களுள் இது தலையாயது. இனி, மலக்குழிகளிலிருந்து மண்ணுள் ஊறும் தழைச்சத்து நைட்டிரேட்டு எனும் உப்பாக மாறிக் கிணற்றுநீரிற் சேரும். குடிநீரில் அது இலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர அளவு. கைக்குழந்தைகளின் குருதிக்கு அது பகை. நீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் வற்ற வற்றச் செறிவுதான் மிகும்.

"கழிவுநீரைத் தூய்மை செய்ய நிலையங்கள் இருக்கின்றனவே!" என்று சிலர் கேட்பர். இருக்கின்றன. அவை எதைத் தூய்மை செய்கின்றன என்பதே கேள்வி. வழக்கமான நிலையம், அழுகும் பொருளையும் மிதக்கும் பொருளையும் நீக்கும். நீர் தெளிந்து தோன்றும், நாற்றமுங் குறையும். ஆனால் கரைந்துள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் கசட்டோடு போகும். எஞ்சியது தெளிநீரோடு ஏரிக்கே வரும். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் அந் நீர் பாசிக்குப் பாலும் தேனும் ஆகும். நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 ஆம் ஆண்டு வெளியிட்ட கழிவுநீர் அளவுகளில் இவ்விரு சத்துகளுக்கும் வரம்பே இல்லை. பின்னர், 2019 ஏப்பிரல் 30 ஆம் நாள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இட்ட ஆணையில்தான், இலிட்டருக்குத் தழைச்சத்து 10 மில்லிகிராம், ஏரி குளங்களில் விடும் நீரில் மணிச்சத்து 1 மில்லிகிராம் எனும் வரம்புகள் வலியுறுத்தப் பெற்றன.

வரம்பு இடுவது எளிது, எட்டுவது எப்படி? இங்கேதான் நுண்ணுயிரின் வியப்புறு வினை தொடங்குகின்றது.

1914 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செசுட்டர் நகரில், ஆர்டன், இலாக்கெட்டு எனும் இருவர், கழிவுநீரிற் காற்றைச் செலுத்தி, அடியிற் படியும் கசட்டைக் கொட்டிவிடாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால், அக் கசட்டிலுள்ள நுண்ணுயிர்கள் நீரை விரைந்து தூய்மை செய்வதைக் காட்டினர். இதனை உயிர்ப்பூட்டிய கசட்டு முறை எனலாம். இவ் வாய்விற்குத் தூண்டுகோலாக இருந்த கில்பர்ட்டு பௌலர் 1916 ஆம் ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்குப் பேராசிரியராக வந்தார். அங்கே கழிவுநீர் ஆய்வு வேர்விட்டது. அவ் வேரில் முளைத்த கிளையே அடுத்துச் சொல்லப்படுவது.

1959 ஆம் ஆண்டு, அக் கழகத்தைச் சேர்ந்த சிரீநாத்து, சாத்திரி, பிள்ளை எனும் மூவர், காற்றூட்டப் பெற்ற உயிர்க்கசடு கழிவுநீரிலுள்ள மணிச்சத்தை மிக விரைவாக உறிஞ்சிக்கொள்வதைக் கண்டு எழுதினர். நுண்ணுயிர் தன் வளர்ச்சிக்கு வேண்டிய அளவினும் மிகுதியாக மணிச்சத்தைச் சேர்த்து வைக்கும் என்பதை உலகுக்குக் காட்டிய முதற் பதிவுகளுள் அஃது ஒன்று. அமெரிக்கரான இலெவினும் சாப்பிரோவும் இதனை 1965 இல் விரித்தனர். தென்னாப்பிரிக்கரான சேம்சு பர்னார்டு 1970 களில் இதனைப் பெருநிலையங்களுக்கு ஏற்ற முறையாக வகுத்தார். அவர் பெயரின் எழுத்துகளைத் தாங்கிய முறை இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. இந் நாட்டிலோ, பெங்களூரில் முளைத்த விதை இந்நாட்டு நிலையங்களில் நெடுங்காலம் பயிராகவில்லை. தன் வீட்டு முற்றத்துப் பழத்தைப் பொறுக்காது, அதனையே கடையில் விலைகொடுத்து வாங்குவான் செயலுக்கு இஃது ஒப்பன்றோ?

இம் முறையின் உட்பொருளை ஓர் உழவனும் எளிதில் உணரலாம். கழிவுநீரும் கசடும் முதலில் உயிர்வளி சிறிதும் இல்லாத தொட்டியிற் சேர்கின்றன. அங்கே ஒருவகை நுண்ணுயிர், தன்னிடமுள்ள மணிச்சத்தைச் செலவிட்டு, நீரிலுள்ள கொழுப்பமிலங்களை உண்டு கொழுப்பாகச் சேர்த்து வைக்கும். அடுத்து, காற்றூட்டும் தொட்டிக்கு வந்ததும், சேர்த்த கொழுப்பை எரித்து, அவ் வலிமையால், முன்பு விட்டதனினும் மிகுதியான மணிச்சத்தை அள்ளிக்கொள்ளும். அள்ளிய நிலையில் அதனைக் கசட்டோடு வெளியே எடுத்துவிட்டால் மணிச்சத்து நீரை விட்டு நீங்கிவிடும். படிகாரம் கொட்ட வேண்டா. இரும்புப்பு கொட்ட வேண்டா. அவற்றால் பெருகும் வேதிக்கசட்டைச் சுமக்கவும் வேண்டா. வேண்டுவது தொட்டிகளின் வரிசையமைப்பும் கண்காணிப்புமே.

தழைச்சத்தின் கதை சற்றே நீண்டது. கழிவுநீரில் அது பெரும்பாலும் அம்மோனியாவாக இருக்கும். ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்டிரைட்டாக ஆக்கும். வேறொன்று நைட்டிரேட்டாக ஆக்கும். மூன்றாம் வகை அந் நைட்டிரேட்டிலுள்ள உயிர்வளியைப் பறித்து உண்டு, வெறும் வளியாக வானுக்கு அனுப்பும். முதலிரண்டு படிகளுக்கும் சேர்த்து 1 கிலோ தழைச்சத்துக்கு 4.57 கிலோ உயிர்வளி வேண்டும். முன்சொன்ன 1,00,000 மக்களின் 1,000 கிலோவுக்கு 4,570 கிலோ உயிர்வளி! காற்றூட்டுங் கருவி 1 அலகு மின்னாற்றலால் 1.5 கிலோ உயிர்வளியைக் கரைக்கும் என்று கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,000 அலகு மின்னாற்றல் இதற்கே செலவாகும். கழிவுநீர் நிலையத்தின் மின்செலவிற் பாதியோ, அதற்கு மேலோ காற்றூட்டுவதற்கே போகின்றது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். மின்செலவைத் தாங்காது பொறிகளை நிறுத்திவைக்கும் நிலையம் எவ்வளவு உயர்ந்த நுட்பத்தாற் கட்டப்பட்டதாயினும் வீணே.

எனவே, சிக்கனம் என்பது இங்கு ஏரியின் உயிரோடு பிணைந்த செய்தி. மூன்று வழிகளை அறிவியல் காட்டுகின்றது.

முதல் வழி: நைட்டிரேட்டு நிறைந்த நீரைத் தொடக்கத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பி, புதிதாக வரும் கழிவுநீரோடு கலத்தல். அங்குள்ள நுண்ணுயிர்கள் காற்றை எதிர்பாராமல், நைட்டிரேட்டின் உயிர்வளியைக் கொண்டே அழுக்கை உண்ணும். இவ்வாறு 1 கிலோ தழைச்சத்துக்கு 2.86 கிலோ உயிர்வளி மீளும். செலவிட்டதிற் பத்தில் ஆறு பங்கு திரும்பி வருகின்றது என்க.

இரண்டாம் வழி: நைட்டிரைட்டு நிலையிலேயே நிறுத்திவிடுதல். நைட்டிரேட்டு வரை சென்று திரும்புவது ஏன்? பாதி வழியில் திரும்பினால் உயிர்வளியிற் காற்பங்கும், உண்ணப்படும் கரிமப் பொருளில் 40 விழுக்காடும் மிச்சம். வெப்பம் மிகுந்த நீரில் அம்மோனியாவை உண்ணும் நுண்ணுயிர், நைட்டிரைட்டை உண்ணும் நுண்ணுயிரை முந்தி வளரும். ஆலந்து நாட்டின் தெல்பட்டுப் பல்கலைக்கழகத்தார் இதனைப் பயன்படுத்தினர்; ஆனால் குளிர்நாட்டில் அதற்கேற்ற வெதுவெதுப்பான கழிவுநீரைத் தேட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலோ, கதிரவன் அவ் வெப்பத்தைக் காசு வாங்காமல் தருகின்றான்!

மூன்றாம் வழியே வியப்பினும் வியப்பு. உயிர்வளியே இன்றி, அம்மோனியாவை நைட்டிரைட்டோடு சேர்த்து நேரே வளியாக மாற்றும் நுண்ணுயிர் ஒன்று இருத்தல் வேண்டும் என்று, 1977 ஆம் ஆண்டு ஆத்திரிய நாட்டு அறிஞர் எங்கல்பெர்ட்டு புரோடா கணக்கிட்டுச் சொன்னார். எவரும் பார்த்திராத உயிரைத் தாளிற் கணக்கிட்டுச் சொன்ன அறிவுத்திறம் போற்றத்தக்கது. 1990 களில் ஆலந்து நாட்டில் அவ் வுயிர் உண்மையாகவே கண்டுபிடிக்கப் பெற்றது. செந்நிறமானது அது, மிக மெல்ல வளர்வது. 2002 ஆம் ஆண்டு இராட்டர்டாம் நகரில் முதற் பெருநிலையம் இயங்கத் தொடங்கியது. அம்மோனியாவிற் பாதியை மட்டும் நைட்டிரைட்டாக்கினாற் போதும். மீதியைச் செந்நுண்ணுயிர் பார்த்துக்கொள்ளும். உயிர்வளித் தேவை 4.57 கிலோவிலிருந்து 2 கிலோவுக்குங் கீழே இறங்கும். கரிமப் பொருள் சிறிதும் வேண்டா. அந்தக் கரிமப் பொருளைச் செரிப்புக் கலனுக்கு அனுப்பி எரிவளியாக்கி, மின்னாற்றல் செய்யலாம். ஆத்திரிய நாட்டு இசுட்ராசு நிலையம் இம் முறையையும் எரிவளியையும் இணைத்து, 2005 ஆம் ஆண்டு, தான் செலவிடுவதினும் மிகுதியான மின்னாற்றலை ஆக்கிக் காட்டியது.

"அது வெள்ளையர் நாடு, நமக்கு ஒத்துவருமா?" என ஐயுறுவோர் சிங்கப்பூரைப் பார்க்கட்டும். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வீற்றிருக்கும் அந்த வெப்பநாட்டில், சாங்கி நிலையத்தின் கழிவுநீர் 28 முதல் 32 பாகை வெப்பத்தில் இருக்கின்றது. அங்கே முதன்மைத் தொட்டிகளிலேயே இச் செந்நுண்ணுயிர்கள் வளர்ந்து தழைச்சத்தை நீக்குவது ஆய்வாற் கண்டறியப் பெற்றது. குளிர்நாடுகள் இன்றும் போராடும் ஒன்றை, வெப்பநாடு இயல்பாகப் பெற்றது. சென்னையின் வெப்பமும் அத்தகையதே.

தமிழ்நாடு வெறுங்கையோடு நிற்கின்றதா? இல்லை. சென்னைக் குடிநீர் வழங்கல், கழிவுநீர் அகற்று வாரியம் 1978 ஆம் ஆண்டு தோன்றியது. 2006 ஐ ஒட்டிய ஆண்டுகளில், கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 11 கோடி இலிட்டர், கோயம்பேட்டில் 6 கோடி, பெருங்குடியில் 5.4 கோடி, நெசப்பாக்கத்தில் 4 கோடி இலிட்டர் அளவுள்ள நிலையங்கள் கசட்டு எரிவளியால் மின்னாக்கும் பொறிகளோடு எழுந்தன. 2019 ஆம் ஆண்டு கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி இலிட்டர் அளவில் மூன்றாம்நிலைத் தூய்மைக் கூடங்கள் திறக்கப்பெற்று, தொழிலகங்களுக்கு நீர் தருகின்றன. கல்பாக்கத்திலுள்ள அணுவாற்றல் ஆய்வாளர், நுண்ணுயிர்களை மணிமணியான துகள்களாகத் திரளச் செய்து, ஒரே தொட்டியில் அழுக்கையும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் நீக்கும் முறையை வளர்த்தனர். துகளின் வெளிப்புறம் காற்றுள்ள இடம். உட்புறம் காற்றற்ற இடம். மூன்று தொட்டிகளின் வேலையை ஒரு துகளே செய்யும். 2025 ஆம் ஆண்டு பிரயாகையிற் கூடிய கும்பமேளாவில் இம் முறை பயன்பட்டது. கல்பாக்கத்திற் பிறந்தது கங்கைக்கரையிற் பயன்பட்டது. கொரட்டூர்க் கரையிற் பயன்படலாகாதா?

இன்னொரு முரணையும் எண்ணிப் பாருங்கள். மணலியிலுள்ள சென்னை உரத் தொழிற்சாலை 1971 முதல் அம்மோனியாவும் யூரியாவும் ஆக்குகின்றது. வானிலுள்ள வளியைப் பிடித்து, எரிபொருளைக் கொட்டி உரமாக்குவது அதன் தொழில். அதற்குச் சிறிது தொலைவில் கொடுங்கையூர் நிலையம். அங்கு வரும் உரத்தை, மின்னாற்றலைக் கொட்டி மீண்டும் வானுக்கு அனுப்புவது நுட்பத்தின் வேலை! ஒருபுறம் பிடிக்கவும் மறுபுறம் விடவும் இரட்டைச் செலவு. மணிச்சத்தோ வானுக்குப் போகாது. அதன் பாறையை மொரோக்கோவிலிருந்தும் சோர்தானிலிருந்தும் விலைகொடுத்து வாங்கி, உண்டு, ஏரியிற் புதைக்கின்றது இந் நாடு. எனவே, மணிச்சத்துச் செறிந்த கசட்டைப் பொன்போற் காத்து மண்ணுக்கு மீட்பதே முறை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நுண்ணுயிர் நல்ல வேலையாள். ஆனால் நஞ்சு தாங்காதது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் மாழைப்பூச்சுப் பட்டறைகள் பல உள. குரோமியமும் நிக்கலும் செம்பும் கலந்த கழிவு வீட்டுக் கழிவுநீரோடு சேர்ந்தால், அம்மோனியாவை உண்ணும் நுண்ணுயிரே முதலில் மடியும். கசடும் வயலுக்கு உதவாத நஞ்சாகும். மேலும், காற்றைக் குறைத்து நடத்தும் முறைகளைக் கருத்தின்றி நடத்தினால், நைட்டிரசு ஆக்சைடு எனும் வளி கிளம்பும். அது கரியமில வளியினும் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பந் தேக்குவது. மின்னாற்றலை மிச்சம் பிடித்து, வானைக் கெடுத்துக்கொள்ளலாகாது. ஆகவே, அளவு கருவியும் அறிவுடை ஆளும் இன்றி இந் நுட்பங்கள் நில்லா.

இனிச் செய்யத்தக்கன எவை?

ஒன்று: ஒவ்வொரு வீட்டுக் கழிவுநீரும் புதைசாக்கடை வழியே நிலையத்தைச் சேர்தல் வேண்டும். மழைநீர்க் கால்வாயிற் கழிவுநீரை விடுதல் முற்றும் ஒழிய வேண்டும். நிலையத்திற்கு வாராத நீரை எந்நுட்பமும் தூய்மை செய்யாது.

இரண்டு: தொழிலகக் கழிவு வேறு, வீட்டுக் கழிவு வேறு எனப் பிரித்தல் வேண்டும்.

மூன்று: இப் பகுதிக்கு அமையும் நிலையம் எதுவாயினும், தழைச்சத்து, மணிச்சத்து வரம்பும், 1 கிலோ தழைச்சத்தை நீக்க ஆகும் மின்செலவும் ஒப்பந்தத்திலேயே இடம்பெறல் வேண்டும்.

நான்கு: செரிப்புக் கலன் உள்ள நிலையங்களில், கசட்டைப் பிழிந்த நீரில் முதலிற் செந்நுண்ணுயிர் முறையைத் தொடங்கலாம். அந் நீர் அளவில் நூற்றில் ஒரு பங்கே; ஆயின் நிலையத்தின் தழைச்சத்துச் சுமையில் ஆறில் ஒரு பங்களவை அதுவே சுமக்கின்றது. சிறு கலனில் பெரும் பயன்.

ஐந்து: நீரின் அளவீடுகளை ஏரிக்கரையில் தமிழிற் பலகையில் எழுதி வைத்தல் வேண்டும்.

இவ் வைந்தாவதைச் சிறிதென எண்ணற்க. தழைச்சத்து, மணிச்சத்து என்றால் எழுதப் படிக்கத் தெரியாத உழவனும் அறிவான். அச் சொற்களை விட்டு, அயன்மொழிச் சுருக்கெழுத்துகளில் அறிக்கை எழுதி, அதனைக் கொண்டே மக்கட் கருத்துக் கேட்பதாற் பயன் என்ன? புரியாத மக்கள் வாய் திறவார். வாய் திறவாத ஊரின் ஏரி பிழைக்காது. நீரின் நோய் மக்கள் மொழியிற் சொல்லப்படும் நாளிலேதான், மருந்தும் மக்கள் கையில் வரும்.

கரையை உயர்த்துவது மட்டும் ஏரிகாத்தலன்று. ஏரிக்குள் என்ன வருகின்றது என்று கேட்பதும், அதற்குக் கணக்குக் கேட்பதும், கிடைத்த கணக்கைப் புரிந்து கொள்வதும் ஏரிகாத்தலே. முன்னோர் மண்வெட்டியோடு செய்ததை இன்று அறிவோடு செய்தல் வேண்டும். நுண்ணுயிர் கூலி கேளாமல் உழைக்கக் காத்திருக்கின்றது. கதிரவன் வெப்பத்தை வாரி வழங்குகின்றான். பெங்களூரிலும் கல்பாக்கத்திலும் அறிவு விளைந்திருக்கின்றது. குறையாக நிற்பது ஊரின் உறுதி ஒன்றே. கள்ளிக்குப்பம் அவ் வுறுதியைக் கொள்க! மூன்று ஏரிகளும் மீண்டும் நீர்நிலைகளாகுக!